ஜிபிஎஸ் நம் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்கே தவறுகிறது?

கேட்டிருப்பது மூன்று கேள்விகள். போனில் நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? சாட்டிலைட் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா? ஒரு நாள் வாசற்படியையே சரியாகக் காட்டுகிறது, இன்னொரு நாள் பக்கத்துத் தெருவில் நிறுத்துகிறது. இதை நம்பி மனையை அளக்கலாமா?

சுருக்கமாகச் சொன்னால்: வேலை செய்யும், பார்க்கவில்லை, அளக்கக் கூடாது. ஏன் என்று புரிந்துவிட்டால், எந்த வேலைக்கு இதை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துப்போட வேண்டும். செயற்கைக்கோளுக்கு உங்கள் போன் இருப்பதே தெரியாது. உங்கள் வீட்டு ரேடியோ ஓடுகிறதா இல்லையா என்று திருச்சி வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதே கதைதான். செயற்கைக்கோள் பேசிக்கொண்டே இருக்கும், போன் கேட்டுக்கொண்டே இருக்கும். பதிலுக்கு ஒரு சொல்கூட மேலே போவதில்லை. உங்கள் இடம் வேறு யாருக்காவது தெரிகிறது என்றால், போன் கணக்கை முடித்தபின் ஏதோ ஒரு ஆப் அந்த விடையை இன்டர்நெட் வழியாக அனுப்பியிருக்கிறது என்று பொருள். லாரியில் பூட்டும் டிராக்கரும் அப்படித்தான். உள்ளே ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று, சிம் கார்டு போட்ட மோடம் ஒன்று. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால், லாரி எங்கே நிற்கிறது என்பது டிராக்கருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது.

கடலில் இது உயிர் விஷயம். படகில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது, அதனால் படகு இருக்கும் இடம் கரையில் தெரியும் என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் கிடந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போனது. ஜிபிஎஸ் கருவி வழிகாட்டும், செய்தி வாங்காது, அனுப்பாது. அதற்கு இரண்டு பக்கமும் பேசக்கூடிய டிரான்ஸ்பாண்டர் தனியாக வேண்டும்.

சரி, செயற்கைக்கோள் என்னதான் பேசுகிறது? முக்கியமாக மூன்று சங்கதிகள்: நான் இன்ன எண் கொண்டவன், என் பாதை இது, இந்த நொடியில் என் கடிகாரத்தில் மணி இது. அவ்வளவுதான். உங்கள் இடம் அந்தச் செய்தியில் எங்கும் இல்லை. அதைப் போன்தான் கணக்கிட்டு எடுக்கிறது.

கோயில் திருவிழாவில் தூரத்தில் வேட்டு போடும்போது முதலில் வெளிச்சம் தெரியும், பிறகு சத்தம் கேட்கும். நடுவில் மூன்று நொடி ஆனால் வேட்டு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் வெடித்திருக்கிறது. ஜிபிஎஸ் செய்வதும் இதே கணக்கு. சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை, அது ஒளியின் வேகத்தில் வருகிறது: நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒன்றிலிருந்து சிக்னல் வந்து சேர சுமார் 67 மில்லிவினாடி, அடிவானத்தில் இருப்பதிலிருந்து சுமார் 86 மில்லிவினாடி. அனுப்பிய நேரம் செய்தியிலேயே இருக்கிறது, வந்த நேரத்தைப் போன் குறித்துக்கொள்கிறது. கழித்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஆக, ஜிபிஎஸ் அளப்பது நேரத்தை. நேரத்தில் ஒரு நானோவினாடி தவறினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் தவறும், ஒரு மைக்ரோவினாடி தவறினால் 300 மீட்டர்.

தூரங்கள் தெரிந்தால் இடம் எப்படித் தெரியும்? கருவிகள் வருவதற்கு முன்பு நம் கடலோரத்தில் மீன்பிடிக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. கரையில் தெரியும் கோபுரமும் அதன் பின்னால் உள்ள மலை முகடும் ஒரே வரிசையில் வரும்படி படகை நிறுத்துவார்கள். அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம் இன்னொரு கோடு தரும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். ஜிபிஎஸ்ஸில் கோட்டுக்குப் பதில் கோளங்கள். ஒரு செயற்கைக்கோளிலிருந்து 21,000 கிலோமீட்டர் என்றால், அதை மையமாக வைத்து அந்த ஆரத்தில் வரையும் பிரம்மாண்டமான கோளத்தின் மேற்பரப்பில் எங்கோ நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டாவது கோளம் அதை ஒரு வளையத்தில் வெட்டும். மூன்றாவது அந்த வளையத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். ஒன்று பூமியில், மற்றது எங்கோ விண்வெளியில். விண்வெளிப் புள்ளியைத் தள்ளிவிடலாம்.

அப்படியானால் மூன்று செயற்கைக்கோள் போதுமே, ஏன் நான்கு வேண்டும் என்கிறார்கள்? இந்தத் தொழில்நுட்பத்தின் அழகே இங்கேதான் இருக்கிறது. செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது. போனில் இருப்பது சில ரூபாய் குவார்ட்ஸ் படிகம். அது ஒரு மைக்ரோவினாடி முந்திக்கொண்டு ஓடினால் எல்லாத் தூரங்களும் ஒரே மாதிரி 300 மீட்டர் கூடிவிடும். மூன்று கோளங்கள் மட்டும் இருந்தால் அவை அப்போதும் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும், தவறு வெளியே தெரியாது. நான்காவது கோளம் வந்து சேரும்போது அந்தப் புள்ளியைத் தொடாமல் விலகி நிற்கும். போனின் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தினால் நான்கும் ஒரே புள்ளியில் கூடும் என்று போன் கணக்கிடுகிறது. அந்த ஒரே திருத்தத்தில் இடமும் தெரிந்துவிடுகிறது, போனின் கடிகாரமும் அணுக்கடிகாரத்துக்கு நெருக்கமாகத் திருந்திவிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என நான்கு தெரியாத எண்கள், நான்கு சமன்பாடுகள். பள்ளிக்கூடத்து இயற்கணிதம்தான்.

அணுக்கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும், வேகமாகப் பறக்கும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஜிபிஎஸ் உயரத்தில் முதலாவது நாளுக்குச் சுமார் 45 மைக்ரோவினாடி கூட்டுகிறது, இரண்டாவது சுமார் 7 குறைக்கிறது. மிச்சம் 38 மைக்ரோவினாடி. அதை விட்டுவைத்தால் தூரக் கணக்கில் ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிசகு சேரும். அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கடிகாரத்தைத் தரையிலேயே 10.22999999543 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து வைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். ஐன்ஸ்டீனின் சார்பியல் நம் சட்டைப்பையில் தினமும் வேலை செய்வது இப்படி.

கடிகாரம் நின்றால் செயற்கைக்கோள் என்ன ஆகும் என்பதற்கு, ஜிபிஎஸ் போல இந்தியா சொந்தமாக உருவாக்கிய நாவிக்கே சாட்சி. 1999 கார்கில் போர்க்காலத்துக்குப் பிறகு, வெளிநாட்டு அமைப்பையே நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் வலுத்து உருவான அமைப்பு அது. முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பிறகு ஒவ்வொன்றாகப் பழுதாயின. மின்சாரம் இருந்தது, ஆன்டெனா இருந்தது, பாதை சரியாக இருந்தது. ஆனால் இடம் காட்ட அது உதவாமல் போனது. 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் முதல் முறையாக இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் போனது. அந்தச் செய்தியில் பலரும் ராக்கெட்டைக் கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால் கடிகாரம்தான் பெரிய சாதனை.

அடுத்து சிக்னலின் பலம். வீட்டுக்குள் ஏன் எடுப்பதில்லை என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. செயற்கைக்கோள் அனுப்புவது சில பத்து வாட், ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. அது 20,000 கிலோமீட்டர் விரிந்து வந்து போனைத் தொடும்போது, ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி ஒரு கோடிப் பங்காக்கினால் வரும் அளவுதான் மிஞ்சும். சுற்றியுள்ள இயல்பான ரேடியோ இரைச்சலைவிட இது பலவீனம். பிறகு எப்படிக் கேட்கிறது? திருவிழாக் கூட்டத்தின் சத்தத்திலும் நம் பெயரை யாராவது கூப்பிட்டால் காது பிடித்துவிடுகிறது அல்லவா, அதுபோல. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய 1023 துண்டுகள் கொண்ட ஒரு குறிவரிசையை நொடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதே வரிசை போனுக்கும் மனப்பாடம். தன்னிடம் உள்ளதை முன்னும் பின்னும் நகர்த்தி, வந்த இரைச்சலோடு ஒட்டிப் பார்க்கிறது. சரியாகப் பொருந்தும் இடத்தில் இரைச்சலுக்கு மேல் ஒரு முகடு எழும். எவ்வளவு நகர்த்தினோம் என்பதுதான் சிக்னல் வந்த நேரம்.

இப்படிப் பொறுக்கியெடுக்க வேண்டிய சிக்னல் கான்கிரீட் தளத்தையும் தகரக் கூரையையும் தாண்டி வராது. மழையில் நனைந்த அடர்ந்த இலைகள்கூடக் கணிசமாகக் குறைக்கும். காரில் உலோகப் பூச்சு உள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் போன் தடுமாறும். டேஷ்போர்டில் போன் அடிக்கடி சிக்னலை இழந்தால் பக்கத்தில் உள்ள டேஷ்கேமைக் கழற்றிப் பாருங்கள். தரம் குறைந்த டேஷ்கேமும் மலிவான கார் சார்ஜரும் அந்த அலைவரிசையிலேயே இரைச்சல் கக்குவது உண்டு. வேலூர், சேலம் என்று போய்க்கொண்டிருக்கும் வழியில் திடீரென்று மேப் நின்றால் பலர் நெட்டைத்தான் குறை சொல்கிறார்கள். சார்ஜரை உருவினால் சரியாகிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு.

இப்போது நெட் கேள்வி. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில் சொல்கிறது. வாட்ஸாப்பில் ஒரு சின்னப் படத்தை அந்த வேகத்தில் அனுப்பினால் மணிக்கணக்கில் ஆகும். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரத்தைத் தடையில்லாமல் கேட்டு முடிக்க 30 நொடி வேண்டும். நடுவில் ஒரு பஸ் மறைத்தால் விட்ட இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணை முழுவதையும் கேட்க 12.5 நிமிடம். நெட் இருந்தால் போன் இந்த விவரங்களை ஒரு நொடியில் இறக்கிக்கொள்கிறது, அதனால் உடனே இடம் தெரிகிறது. நெட் செய்யும் உதவி இவ்வளவுதான். அது இல்லாவிட்டால் தாமதமாகும், நின்றுபோகாது.

ஆகவே டவர் எட்டாத மலைப்பாதைக்கோ காட்டுப்பகுதிக்கோ கிளம்பும் முன் அந்தப் பகுதியின் மேப்பை வீட்டிலேயே ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். போன பிறகு ஃப்ளைட் மோடில் போட்டாலும் லொகேஷன் ஆனில் இருந்தால் போதும். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் நடக்காமல் நில்லுங்கள். பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். திரை அணைந்ததும் அது லொகேஷனை நிறுத்திவிடக்கூடும்.

வீட்டுக்குள் இருக்கும்போதும் நீலப் புள்ளி தெரிகிறதே என்றால், அது பெரும்பாலும் ஜிபிஎஸ் அல்ல. அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களின் அடையாளத்தையும் டவரையும் வைத்துப் போடும் மதிப்பீடு. புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கும், அதைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நான் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கலாம் என்று போன் உண்மையைச் சொல்வது அங்கேதான். நடுப்புள்ளியை மட்டும் பார்த்து உணவு டெலிவரிக்கு லொகேஷன் அனுப்பினால் அடுத்த தெருவுக்குப் போகத்தான் செய்யும். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வந்து, வட்டம் சுருங்கும் வரை பொறுத்து அனுப்புங்கள்.

திறந்த வெளியில் ஒரு சாதாரண போன் சுமார் 3 முதல் 5 மீட்டருக்குள் காட்டும். அதையும் குலைப்பவை சில இருக்கின்றன. மோசமானது எதிரொலி. பாரிமுனையின் குறுகலான தெருக்களில் இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். நேரே வரும் சிக்னலைக் கட்டடம் மறைக்கும். எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்த சிக்னல் வந்து சேரும். தெறித்து வந்ததற்கு 40 மீட்டர் கூடுதல் பயணம். போனுக்கு அது தெரியாது, நீங்கள் 40 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள் என்று நம்பிவிடுகிறது. உங்களைப் பக்கத்துத் தெருவில் நிறுத்துவது இதுதான். பல அமைப்புகளின் செயற்கைக்கோள்களைச் சேர்த்துக் கேட்கும் போன்களில் இந்தத் தொல்லை குறைவு: அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாவிக். வழக்கமான அலைவரிசையோடு எல்5 என்ற இன்னொரு அலைவரிசையையும் எடுக்கும் போன் என்றால் இன்னும் நல்லது. அதன் குறிவரிசை பத்து மடங்கு நெருக்கமானது, அதனால் நேராக வந்ததையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிவது எளிது.

இரண்டாவது அயனிமண்டலம். இதில் நாம் இருக்கும் இடம் கொஞ்சம் பாதகமானது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே போகிறது. சூரியனின் புற ஊதா, எக்ஸ் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற இந்தக் காற்றடுக்கு இந்தப் பகுதியில் மிகவும் கொந்தளிப்பானது. அது சிக்னலைத் தாமதப்படுத்தும். சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை பிழை வரலாம். பொழுது சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை, குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், சிக்னல் மினுங்கவே செய்யும். பகலில் ஒழுங்காக வேலை செய்த சர்வே கருவி ராத்திரி எட்டு மணிக்கு அடம்பிடித்தால் கருவியைத் தட்டாதீர்கள், மேலே பாருங்கள். தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறுவதால், இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி வித்தியாசத்தை வைத்தே தாமதத்தைக் கழித்துவிடும். விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ககன் அமைப்பு, இந்தத் தாமதத்தைத் தரையிலிருந்து அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாகவே அனுப்புகிறது.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. காலுக்குக் கீழே எதுவும் இல்லை. பக்கவாட்டில் நான்கு திசையிலிருந்தும் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, மேலும் கீழுமாகப் பிடிக்க மேலே மட்டும்தான் ஆள். அதனால் உயரப் பிழை பொதுவாகப் பக்கவாட்டுப் பிழையைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு. கத்திப்பாராவில் நீங்கள் பாலத்தின் மேல் போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று மேப் குழம்புவது இதனால்தான். இன்னொரு வேடிக்கை: ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து. நமக்குத் தெற்கே இந்துமாக்கடலில் புவியீர்ப்புப் பள்ளம் ஒன்று இருக்கிறது, உலகிலேயே ஆழமானது. அதன் தாக்கத்தில் உண்மையான கடல்மட்டம் சென்னையில் அந்தப் பரப்புக்குச் சுமார் 85 மீட்டர் கீழே கிடக்கிறது. மெரினா மணலில் நின்றபடி, திருத்தம் செய்யாத ஆப் ஒன்றைத் திறந்தால் கழித்தல் 80 மீட்டருக்கு மேல் காட்டும். போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிணற்று ஆழம், கால்வாய்ச் சரிவு போன்ற தண்ணீர் வேலைகளுக்குப் போன் காட்டும் உயரத்தைத் தொடவே கூடாது.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் மீட்டர் கணக்கு. கிலோமீட்டர் கணக்கில் பிழை வருவது பெரும்பாலும் மனிதர் எண்ணைத் தட்டும் இடத்தில். ஒரு புள்ளியை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியைத் தசமத்தில் எழுதுவது, டிகிரியும் தசம மினிட்டுமாக எழுதுவது, டிகிரி மினிட் செகண்டாக எழுதுவது. வாட்ஸாப்பிலும் மேப்பிலும் வருவது முதல் வகை. படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் காட்டுவது இரண்டாம் வகை. ராமேசுவரத்துக்கு வடக்கே பாக் நீரிணையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்: வடக்கு 9.35, கிழக்கு 79.30. இதைக் கரையிலிருந்து ஒருவர் போனில் அனுப்புகிறார். படகில் இருப்பவர் அதை 9 டிகிரி 35 மினிட், 79 டிகிரி 30 மினிட் என்று கருவியில் அடிக்கிறார். சரியான எண் என்ன? புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும்: 0.35 பெருக்கல் 60 என்பது 21, 0.30 பெருக்கல் 60 என்பது 18. அதாவது 9 டிகிரி 21 மினிட், 79 டிகிரி 18 மினிட். அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். வடக்கே 14 மினிட், கிழக்கே 12 மினிட் தவறினால் மொத்தம் சுமார் 34 கிலோமீட்டர். இன்னும் மோசம், அந்தத் தவறான புள்ளி 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டி இலங்கைப் பக்கத்தில் விழுகிறது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஒரு புள்ளியை வாசித்த விதத்தில் ஒரு படகும் அதில் உள்ளவர்களும் சிக்கிக்கொள்ளலாம்.

அதனால் கருவியின் அமைப்புப் பக்கத்தில் பொசிஷன் ஃபார்மட் என்ன என்று கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எண் தருபவரும் வாங்குபவரும் ஒரே வடிவத்தில் பேச வேண்டும். பூமியின் எந்த வடிவத்தை அடிப்படையாக வைத்து எண்களைக் கணக்கிடுவது என்பதைச் சொல்லும் மேப் டேட்டம் என்ற இடத்தில், ஜிபிஎஸ் பின்பற்றும் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். 1802இல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் அளந்த கோட்டிலிருந்து வளர்ந்த பழைய அளவை முறை எவரெஸ்ட் நீள்கோளத்தைப் பின்பற்றியது. பழைய இந்திய நிலப்படங்கள் அதன்படி வரைந்தவை. டேட்டம் மாறிக் கிடந்தால் புள்ளி நூறு மீட்டர் அளவுக்குக்கூட நகர்ந்துவிடும். துறைமுகத்தில் படகு கட்டும் இடத்தை ஒருமுறை சேமித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கருவி அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்தால் இந்தத் தவறுகள் எல்லாம் கரையிலேயே பிடிபடும். ஒரு நிமிட வேலை.

கருவி காட்டும் திசையும் கவனிக்க வேண்டியது. அது படகின் மூக்கு நிற்கும் திசை அல்ல, படகு உண்மையில் நகரும் திசை. கடலோரத்தில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் பலமாக இழுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் வரும். ஜிபிஎஸ் சொல்வதுதான் அப்போது சரி. ஆனால் நங்கூரம் போட்டு நிற்கும்போது அந்த அம்பு கண்டபடி சுற்றும், அதை நம்பக் கூடாது. மிகப் பழைய கருவியில் இடம் சரியாக இருந்து தேதி மட்டும் ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில்.

நாம் கண்ணால் பார்க்காத பயன்களும் நிறைய. ரயில் எஞ்சினில் உள்ள கருவி 30 நொடிக்கு ஒருமுறை இடத்தை அனுப்புவதால்தான் ரயில் எங்கே வருகிறது என்று ஸ்டேஷன் தவிர நடுவழியிலும் தெரிகிறது. செல்போன் டவர்கள் ஒன்றோடொன்று மோதாமல் மாறி மாறிப் பேச, அவற்றின் கடிகாரங்கள் 1.5 மைக்ரோவினாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். டவரின் மேல் சின்னக் காளான்போல் வெள்ளையாக நிற்கும் ஜிபிஎஸ் ஆன்டெனா அதற்குத்தான். மின்தொகுப்பின் அலைகளை ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதே நேரத்தை வைத்துத்தான். டவருக்கும் மின்தொகுப்புக்கும் இடம் தேவையில்லை, நேரம் மட்டும் போதும்.

கடைசியாக மனை. ஆப்பைத் திறந்து நான்கு மூலைக்கும் நடந்து பரப்பளவு பார்ப்பது இப்போது ஊரெங்கும் நடக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஐந்து சென்ட் மனை என்றால் 202 சதுர மீட்டர், சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 14.2 மீட்டர். ஒரு பக்கக் கோடு 3 மீட்டர் தள்ளிப்போனால் 43 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்ட்டுக்கு மேல் காணாமல் போகும் அல்லது முளைக்கும். ஐந்தில் ஒன்று. அதே 3 மீட்டர் பிழை ஐந்து ஏக்கர் வயலில் பத்து சென்ட் சொச்சம், நூற்றுக்கு இரண்டு. உழவுக் கூலி பேசவும், எவ்வளவு விதை வேண்டும் என்று பார்க்கவும் அது தாராளமாகப் போதும். வேலிக்கல் நட ஒருக்காலும் போதாது. அடுத்த நாள் மறுபடி நடந்தால் வேறு எண் வரும், அதை வைத்துப் பங்காளிகள் சண்டை போட்டுக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

அப்படியானால் சர்வேயர் கொண்டுவரும் ஜிபிஎஸ் மட்டும் எப்படிச் சென்டிமீட்டர் காட்டுகிறது? அது குறிவரிசையோடு நிற்காமல் அதைச் சுமந்து வரும் அலையையே எண்ணுகிறது. குறிவரிசையின் ஒரு துண்டு சுமார் 293 மீட்டர் நீளம், அலையின் ஒரு சுற்று வெறும் 19 சென்டிமீட்டர். அளவுகோலில் கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு துல்லியம். கூடவே, துல்லியமாக இடம் தெரிந்த புள்ளியில் இன்னொரு ரிசீவர் நிற்கும். பத்து இருபது கிலோமீட்டருக்குள் இருவருக்கும் மேலே உள்ள வானம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அங்கே தெரியும் பிழையை இங்கே கழித்துவிடலாம். இந்திய சர்வே துறை இதற்காக நாடெங்கும் நிரந்தர நிலையங்களை வைத்திருக்கிறது. முழு அலைகள் எத்தனை என்ற எண்ணிக்கையைக் கருவி உறுதியாகப் பிடித்துவிட்டால் திரையில் ஃபிக்ஸ் என்று வரும், அப்போது பிழை ஒன்றிரண்டு சென்டிமீட்டர். பிடிக்காவிட்டால் ஃப்ளோட் என்று இருக்கும், பிழை அரை மீட்டர்கூட இருக்கலாம். தென்னை மரத்தடியிலும் சுவரோரத்திலும் ஃப்ளோட்டிலேயே நிற்பது சகஜம். அங்கெல்லாம் திறந்த வெளியில் இரண்டு புள்ளிகளை ஃபிக்ஸில் எடுத்துக்கொண்டு, மூலையை, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியாலோ டேப்பாலோ அளப்பார்கள்.

உங்கள் மனை அளக்கப்படும் நாளில் கூடவே நில்லுங்கள். பட்டாவோடு, எல்லை அளவுகள் குறித்த சர்வே வரைபடமான புலப்படத்தின் நகலையும் கையில் வைத்திருங்கள். எல்லையைத் தீர்மானிப்பது அந்தப் புலப்படத்தில் உள்ள அளவுகள்தான், கருவி அவற்றைத் தரையில் தேடித் தருகிறது. கம்பத்தின் நடுவில் உள்ள நீர்மட்டக் குமிழி மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மீட்டர் கம்பம் கொஞ்சம் சாய்ந்தாலே நுனி சில சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒவ்வொரு மூலையிலும் புள்ளியைப் பதிவு செய்யும் முன் திரையில் ஃபிக்ஸ் வந்துவிட்டதா என்று கேளுங்கள். முதல் மூலைக்குக் கடைசியில் ஒருமுறை திரும்பி வந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் கல்லை நடலாம்.